ஏற்காட்டில் மோனோ கேமரா: ஜி2வி நட்சத்திரமா, கையா பட்டியலா?

இரவு வானத்தைப் படமெடுக்கும்போது, கறுப்பு-வெள்ளையில் மட்டுமே பதியும் மோனோ கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி ஃபில்டரில் எடுத்து நாமேதான் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நிமிர்த்த இரண்டு வழி. சூரியனைப் போன்ற ஜி2வி வகை நட்சத்திரம் ஒன்றை மூன்று ஃபில்டரிலும் எடுத்து, அது வெள்ளையாக வர என்ன விகிதம் வேண்டுமோ அதையே எல்லாப் படத்துக்கும் போடுவது ஒன்று. மூன்றுக்கும் ஒரே எக்ஸ்போஷர் கொடுத்துவிட்டு, அப்புறம் கணினியில் கையா பட்டியலின் (கையா விண்கலம் அளந்த நட்சத்திரங்களின் பட்டியல்) நட்சத்திர நிறங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவது இன்னொன்று. (கண்ணால் பார்த்து ஸ்லைடரை நகர்த்துவதும் உண்டு. ராத்திரி சரியாகத் தெரிந்தது காலையில் ஊதாவாக இருக்கும், விடுங்கள்.)

எனக்கு ரொம்ப நாள் முதல் வழிதான். விடியற்காலையில் 18 ஸ்கார்ப்பி என்ற ஜி2வி நட்சத்திரம் நன்றாக மேலேறியதும் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும், மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஓரியன் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) ஏற்காட்டில் 70 டிகிரிக்கு மேல் ஏறும், அதற்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தியது. மாட்டிக்கொண்டது கரினா நெபுலாவில். உச்சத்திலேயே இங்கே அது 18 டிகிரிதான் என்பதால், தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைக் கடந்து வருகிறது, காற்று நீலத்தைத்தான் அதிகம் தின்னும், போதாததற்குத் தெற்கே மலையடியில் சேலத்து விளக்குகள் வேறு. 135 மி.மீ. லென்ஸில் ஓரமாக விழுந்த தீட்டா கரினே, அசல் நீல நட்சத்திரம், நெய் தடவின மாதிரி மஞ்சளாக வந்தது.

அதே படங்களை சிரில் என்ற மென்பொருளில் (இலவசம்தான்) கையா பட்டியலோடு ஒப்பிட்டதும் நீலம் திரும்பிவிட்டது. ஒப்பிடும் நட்சத்திரங்களும் அதே காற்றைக் கடந்துதானே வந்திருக்கின்றன! ஆனால் சேலத்து வெளிச்சத்தின் கிரேடியன்ட்டை (ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் வெளிச்சத்தை) ஒவ்வொரு ஃபில்டரிலும் முதலில் கழித்துவிட வேண்டும், மறந்தால் பின்னணி அழுக்காகிவிடும். பிக்ஸ்இன்சைட் என்ற இன்னொரு மென்பொருளில் ஃபில்டர், சென்சார் இரண்டின் வளைவும் (எந்த நிற ஒளியை எவ்வளவு வாங்கும் என்ற வரைபடம்) சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இயல்பாக வெள்ளை என்று எடுத்துக்கொள்வது சராசரிச் சுருள் கேலக்ஸியை, ஜி2வியை அல்ல. அதனால் இரண்டு வழிப் படமும் அச்சாக ஒத்துப்போகாது.

தெற்கே தாழ்வாக இருப்பதற்கெல்லாம் இப்போது பட்டியல்தான். ஆனால் அது விகிதத்தைத்தான் திருத்தும், வராத ஒளியை வரவழைக்காது, இழுத்துப் பெருக்கிய நீலத்தில் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். மார்ச் தொடக்கத்தில் கரினா நள்ளிரவையொட்டி உச்சத்துக்கு வரும்போது நீல ஃபில்டர் படங்களை, அதுவும் மற்றதைவிடக் கூடுதலாக, எடுத்துவிடுகிறேன். சிவப்புக்கு முன்னும் பின்னும் கிடைக்கிற நேரம் போதும், மூடுபனி ஏறாமல் இருந்தால்.