கெஸ்ட் விதி: கடிகாரமா, கட்டணமா, இடமா?

பலர் மாதச் சந்தா கட்டிப் பகிர்ந்து வேலை செய்யும் கோவொர்க்கிங் இடத்தில் மெம்பர்கள் அழைத்துவரும் கெஸ்ட்டுகளைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ‘இரண்டு மணி நேரம் இலவசம்’ என்று நேரம் குறிப்பது ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குவது இன்னொன்று. ‘எவ்வளவு நேரமும் இருக்கலாம், ஆனால் இந்த இடத்தில் மட்டும்’ என்பது மூன்றாவது. 60 இருக்கை உள்ள எங்கள் இடத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை: கெஸ்ட் லவுஞ்சில் மட்டும் உட்காரலாம்.

கட்டணத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது மெம்பரிடம் காசு கேட்கவே கூடாது. மாத பில்லில், 18% ஜிஎஸ்டியோடு சேர்த்துவிட வேண்டும். பெரிய சிக்கல் வேறு. காசு கட்டியவர் மேசை கேட்பார், அது நியாயமும்கூட. மாதச் சந்தா கட்டியவர் காலை 11 மணிக்கு வந்து இருக்கை இல்லாமல் நிற்பார்.

நேர விதி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 11:15-க்கு வந்தவர் 1:15-க்குக் கிளம்பினாரா என்பதை ரிசப்ஷனில் இருப்பவர்தான் கவனித்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவர் கூரியர் வாங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் சாப்பிடப் போயிருப்பார். இரண்டு மணி நேரத்தில் காலாவதியாகும் வைஃபை வவுச்சர் போடலாம். மைக்ரோடிக், யூனிஃபை ஆகிய நெட்வொர்க் கருவிகள் இரண்டிலும் அந்த வசதி உண்டு. வவுச்சர் முடிந்ததும் கெஸ்ட் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: விதி மீறப்படுவது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறதா? நேரம் மீறினால் முகத்தில் தெரியாது. கெஸ்ட் பட்டை அணிந்தவர் மேசைக் கூடத்தில் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படும். கணக்குப் பார்க்கத் தேவையில்லை. “லவுஞ்சுக்கு வாங்க சார்” என்ற ஒரு வார்த்தை போதும். ஒரு இருக்கை வாங்கிவிட்டு இரண்டு ஊழியர்களை ‘கெஸ்ட்’ என்று தினமும் கூட்டிவரும் குழுக்களுக்கும் இது கடிவாளம். சாதாரண நாற்காலியும் காபி மேசையும் போட்ட லவுஞ்சில், மானிட்டரும் அருகில் பிளக்கும் இல்லாமல், முழு நாள் வேலை ஓடாது. அதனால் லவுஞ்ச் இருக்கைகளுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வைக்காதீர்கள். சுவரோரம் ஒன்றிரண்டு போதும்.

அதோடு சில எண்களும் வேண்டும். ஒரு மெம்பருக்கு ஒரே சமயத்தில் இரண்டு கெஸ்ட். அதற்கு மேல் என்றால் மீட்டிங் ரூம் புக் செய்யட்டும். அறையின் இருக்கை எண்ணிக்கையே அங்கே வரம்பு. அதே நபர் மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வந்தால் ஐந்தாம் நாளிலிருந்து டே பாஸ் (ஒரு நாளுக்கான கட்டணச் சீட்டு). இதற்குத் தேதியும் பெயரும் உள்ள பதிவு அவசியம். போன் எண்களோடு திறந்து கிடக்கும் நோட்டு வேண்டாம்: வரிசையில் நிற்கும் எல்லோரும் அதைப் படிப்பார்கள், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்தபின் அந்தப் பழக்கத்தை விடுவதே நல்லது. ஓடிபி மூலம் வைஃபையில் நுழைய வைத்தால் எண்ணும் நேரமும் தானாகப் பதிவாகும்.

கெஸ்ட் வைஃபையைத் தனி விலானில் (மெம்பர் நெட்வொர்க்கிலிருந்து பிரித்த நெட்வொர்க்கில்) வைத்து, ஒருவர் கருவி இன்னொருவர் கருவியைத் தொட முடியாதபடி கிளையன்ட் ஐசொலேஷன் போட்டு, ஆளுக்கு 10 எம்பிபிஎஸ் என்று கட்டுங்கள். பலர் செய்யும் தவறு மெம்பர் பாஸ்வேர்டையே கெஸ்ட்டுக்குச் சொல்வது. பிறகு அதை மாற்ற நேர்ந்தால் 60 பேரின் லேப்டாப், போன் அத்தனையிலும் மாற்ற வேண்டிவரும்.

இட விதி பலவீனமாகும் இடமும் உண்டு. 11 முதல் 1 வரை எட்டு லவுஞ்ச் இருக்கைகளும் நிரம்பிவிட்டால் அடுத்து வருபவருக்குச் சொல்லப் பதில் இருக்காது. முந்தைய நாளே மெம்பர் கெஸ்ட்டைப் பதிவு செய்யும் வழக்கம் அங்கே ஓரளவு உதவுகிறது. தனி லவுஞ்சே இல்லாத ஒரே கூடமாக இருந்தால், வவுச்சரோடு கூடிய நேர விதியைத் தவிர வழியில்லை. பல மாடிகளும், கார்டு காட்டினால் திறக்கும் வாசல் கதவும் உள்ள பெரிய இடங்களில் உள்ளே வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அந்தக் கதவே குறித்துக்கொள்ளும். அங்கே நேர விதிக்கே கை ஓங்கலாம்.