மட்டனை விடுவதா, சுண்டலைச் சேர்ப்பதா? இளவயதில் வரும் குடல் புற்றுநோயும் நம் சாப்பாடும்

35 வயதில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தால், சுற்றி இருப்பவர்கள் உடனே அவர் என்ன சாப்பிட்டார் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். "பிரியாணி, புரோட்டானு வெளுத்துக் கட்டுவான்" என்பார் ஒருவர். "அவர் சுத்த சைவமாச்சே, அவருக்கு எப்படி?" என்பார் இன்னொருவர். அடுத்தபடியாகத் தங்கள் வீட்டுத் தட்டைப் பார்த்துப் பயம் வருகிறது. மட்டனை நிறுத்தலாமா, கூல்டிரிங்ஸை விடலாமா, மெடிக்கல் ஷாப்பில் நார்ச்சத்துப் பவுடர் வாங்கலாமா என்று ஆளுக்கொரு யோசனை. இவற்றில் எதற்கு எவ்வளவு பலன் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1995-இல் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 55 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் 11 சதவீதம். 2019-இல் அது 20 சதவீதம். 50 நாடுகளின் பதிவேடுகளை அலசி 2024 டிசம்பரில் வந்த ஆய்வில், 27 நாடுகளில் 50 வயதைத் தொடாதவர்களிடம் இந்த நோய் கூடிக்கொண்டே போவது தெரிந்தது. நியூசிலாந்து, சிலி, இங்கிலாந்து ஆகியவை வேகத்தில் முன்னே நிற்கின்றன. இந்தியாவில் மொத்த விகிதம் அந்த நாடுகளைவிடக் குறைவுதான். ஆனால் அவர்கள் சாப்பாட்டில் பாதி நம் தெருமுனை பேக்கரிக்கும் கைப்பேசி ஆர்டருக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

சைவமா, அசைவமா

இதில்தான் சண்டை அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாசேஜ், சலாமி, பேக்கன், ஹாம் போன்றவற்றை, புற்றுநோயை உண்டாக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. ஆடு, மாடு, பன்றி என்று சிவப்பு இறைச்சி அதற்கு ஒரு படி கீழே, 'அநேகமாக உண்டாக்கும்' என்ற பட்டியலில் இருக்கிறது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. வாழ்நாளில் 100 பேரில் 4 பேருக்கு வரக்கூடிய ஓரிடத்தில், அது 5-ஐ நெருங்கும். கூடுவது உண்மைதான், ஆனால் சிகரெட்டோடு சேர்த்துப் பேசும் அளவுக்கு இல்லை.

சிவப்பு இறைச்சியில் அளவுதான் விஷயம். 17 சதவீதம் கூடும் என்ற கணக்கு தினமும் 100 கிராமுக்கு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு, சமைத்த இறைச்சியாக வாரத்துக்கு 350 முதல் 500 கிராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மட்டன் குழம்பு வைக்கும் வீட்டில் ஒருவர் தட்டில் விழுவது அந்த வரம்புக்குள் சாதாரணமாக அடங்கிவிடும். அந்த வீட்டுக்காரர் மட்டனை நிறுத்துவதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. வாரத்தில் நாலைந்து நாள் பீஃப் வறுவல், மட்டன் சுக்கா என்று போகிறவர் குறைக்க வேண்டும். கரியக் கரியச் சுட்டதையும் குறைப்பது நல்லது, அதிகச் சூட்டில் இறைச்சியில் உண்டாகும் சில பொருட்கள் குடல் சுவரின் மரபணுக்களைச் சிதைப்பவை. காலை உணவுக்குச் சாசேஜ், குழந்தை டிபன் பாக்ஸில் சலாமி சாண்ட்விச் என்று பழகியிருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள்.

சரி, அப்படியானால் சைவம் ஜெயித்ததா? வட அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த 77,000-க்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அசைவம் சாப்பிட்டவர்களைவிடச் சைவர்களுக்கு இந்த நோய் 22 சதவீதம் குறைவு. ஆனால் அந்த ஆய்வில் எல்லாரையும்விடக் குறைந்த அபாயம், மற்ற இறைச்சியைத் தொடாமல் மீன் மட்டும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு: 43 சதவீதம் குறைவு. அந்தச் சைவர்களின் தட்டில் பருப்பும் முழுதானியமும் கொட்டையும் நிறைய. வெள்ளைச் சோறு, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், மாலையில் பப்ஸ், இரவில் மைதா புரோட்டாவுடன் குருமா என்று ஓடும் நம்மூர்ச் சைவத்துக்கு அந்த 22 சதவீதத்தைக் கடன் வாங்க முடியாது. மீன் குழம்பும் கீரையும் சுண்டலும் சாப்பிடுகிறவர் அவரைவிட நல்ல இடத்தில் இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தட்டை மாற்றிப் பார்த்தவர்கள்

உணவுக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பைக் கிட்டத்தில் காட்டும் சோதனை ஒன்று 2015-இல் வந்தது. பிட்ஸ்பர்கில் வாழும் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் தென்னாப்பிரிக்காவின் கிராமப்புறத்தில் வாழும் 20 பேரையும் எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருவர் சாப்பாட்டை மற்றவருக்குக் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்கர்களுக்குச் சாசேஜ், பான்கேக், பர்கர், உருளைக்கிழங்கு வறுவல். அமெரிக்கர்களுக்குச் சோளமும் பயறும் பழமும் கீரையும். அமெரிக்கர்களின் நார்ச்சத்து ஒரு நாளைக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமானது. மற்றவர்களுக்கு 66 கிராமிலிருந்து 12-க்குச் சரிந்தது.

இரண்டே வாரத்தில் குடல் மாறிவிட்டது. நார்ச்சத்து கூடியவர்களிடம், குடல் பாக்டீரியா நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் ப்யூட்டிரேட் என்ற பொருள் இரண்டரை மடங்கானது. குடல் சுவர் செல்களுக்கு அதுதான் சாப்பாடு, வீக்கத்தையும் அது தணிக்கிறது. செல்கள் அவசரமாகப் பெருகும் வேகமும் குறைந்தது. பர்கருக்கு மாறியவர்களிடம் எல்லாமே தலைகீழ்: ப்யூட்டிரேட் பாதியானது, கொழுப்பு அதிகமானால் பெருகும் கெடுதலான பித்த அமிலங்கள் எகிறின. இது சிறிய சோதனை, கலந்துகொண்டவர்கள் நடுவயதினர், யாருக்கும் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கவும் இல்லை. ஆனாலும் குடல் இத்தனை சீக்கிரம் பதில் சொல்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 20 வயதில் சாப்பிட்டதை 32 வயதில் திருப்பி எடுக்க முடியாதுதான், ஆனால் நாளையிலிருந்து மாற்றினால் அது வீண்போகாது.

பவுடரா, பயறா

நார்ச்சத்து ஒவ்வொரு 10 கிராம் கூடும்போதும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவதாக, பல ஆய்வுகளைத் திரட்டிய 2011-ஆம் ஆண்டின் அலசல் காட்டுகிறது. உடனே மனம் பவுடர் டப்பாவுக்குத்தான் போகும். அங்கேதான் கவனம் தேவை. ஐரோப்பாவில் ஏற்கெனவே பாலிப், அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய குடல் சுவர்ச் சதை வளர்ச்சி, எடுக்கப்பட்டவர்களுக்குத் தினமும் 3.5 கிராம் இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பவுடரைக் கொடுத்து 3 வருடம் பார்த்தார்கள். 2000-இல் முடிவு வந்தது: பாலிப் திரும்ப வருவது குறையவில்லை, இசப்கோல் குடித்தவர்களிடம் அதிகமாகவே இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் கோதுமைத் தவிடு கொடுத்துச் செய்த சோதனையிலும் பலன் இல்லை. நார்ச்சத்து மிகுந்த உணவையே 4 வருடம் சாப்பிடச் சொன்ன இன்னொரு சோதனையும் பாலிப்பைத் தடுக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பாலிப் வந்தபின் நாலு வருடம் மாற்றுவதும் சின்ன வயதிலிருந்து அப்படியே சாப்பிடுவதும் ஒன்றாக இருக்காது என்பது என் கருத்து. மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்ல மருந்து. புற்றுநோய்க்குக் காப்பு என்று அதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

இப்போது நம் சமையலறைக்கு வருவோம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலில் 100 கிராம் பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. மைதாவிலும் அதே கதை. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல், முழுப் பாசிப்பயறில் 17, கொண்டைக்கடலையில் 25. நாள் முழுக்க 250 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 7 கிராம்தான் தேறும். ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 12 கிராம் வந்துவிடும். நாலு மணிக்குச் சாப்பிடும் பப்ஸின் இடத்தில் அந்தச் சுண்டலை வையுங்கள், கூடவே ஒரு கொய்யா. பிடித்த சோற்றை விடச் சொல்லவில்லை, அதன் பக்கத்தில் கூட்டும் கீரையும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். இதுவரை நார் குறைவாகச் சாப்பிட்டவர்கள் மெதுவாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்புசம் கண்டு நாலாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

கூல்டிரிங்ஸா, பாலா

50 வயதுக்குக் கீழே இந்த நோய் வருவதோடு நேரடியாகத் தொடர்புபடுத்தப்பட்ட பானங்களில் இனிப்பூட்டியதும் ஒன்று. அமெரிக்க நர்ஸ்கள் 95,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2021-இல் வந்த ஆய்வில், தினமும் இரண்டு டம்ளர் அல்லது அதற்கு மேல் குடித்த பெண்களுக்கு, எப்போதாவது குடித்தவர்களைவிட இளவயதுக் குடல் புற்றுநோய் அபாயம் 2.2 மடங்கு. 13 முதல் 18 வயதுக்குள் தினமும் குடித்த ஒவ்வொரு டம்ளருக்கும் 32 சதவீதம் கூடுதல். நோய் வந்தவர்கள் மொத்தம் 109 பேர்தான், எனவே அந்த 2.2 மடங்கைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தினசரி பாட்டில் வாங்கிக் கொடுப்பதை நிறுத்த இது போதும்.

எதிர்ப்பக்கத்தில் பால். பிரிட்டனில் 5 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் 97 உணவு விஷயங்களைப் பார்த்த ஆய்வு 2025 ஜனவரியில் வந்தது. தினமும் கூடுதலாக 300 மில்லிகிராம் கால்சியம் கிடைத்தவர்களுக்கு அபாயம் 17 சதவீதம் குறைவு. ஒரு பெரிய டம்ளர் பாலில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. தயிரும் சரிதான். நீர்மோர் தாகத்துக்கு நல்லது, கால்சியத்துக்குப் போதாது. அதே ஆய்வில் தினமும் 20 கிராம் ஆல்கஹால் கூடினால் 15 சதவீதம் அபாயம் ஏறியது. பாலையும் மதுவையும் வைத்து ஒப்பிட வேறொன்றும் தேவையில்லை.

சாப்பாட்டால் சொல்ல முடியாத மிச்சம்

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ஓடி, உடம்பை அளவாக வைத்திருந்தவர்களுக்கும் இது வருகிறது. 2025 ஏப்ரலில் வந்த ஆய்வில் 11 நாடுகளின் 981 கட்டிகளைப் பரிசோதித்தபோது, கோலிபேக்டின் என்ற பாக்டீரியா நச்சின் தடயம் 70-ஐத் தாண்டியவர்களைவிட 40-க்குக் கீழே இருந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. அந்தச் சேதம் குழந்தைப் பருவத்திலேயே நடந்திருக்கலாம் என்கிறார்கள். நோயாளியிடம் போய் "நீ அதைச் சாப்பிட்டதால்தான்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

நல்ல சாப்பாட்டை நம்பி அறிகுறியை விட்டுவிடவும் கூடாது. மலத்தில் இரத்தம், விடாத வயிற்றுவலி, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை: இந்த நான்கும் நோய் கண்டுபிடிப்பதற்கு 3 மாதம் முதல் 2 வருடம் முன்பே இளையவர்களிடம் தென்படுவதாக 2023-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நம் ஊரில் இரத்தம் வந்தால் "மூலம், சூடு" என்று துத்திக்கீரை சமைத்துப் பல மாதம் தள்ளுவோம். மூலமாகவே இருக்கலாம், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அமெரிக்காவில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரிசோதனை தொடங்கும் வயது 45. வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அப்பாவுக்கு 48-இல் வந்ததென்றால், பிள்ளைகள் அதற்குப் பத்து வருடம் முன்பே, 38-இல், கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும். எத்தனை வயதில் வந்தது என்று இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.