நேரே பெரிய கிளப்பா, நடுத்தர லீக் வழியாகவா?

சொந்த நாட்டை விட்டுப் புறப்படும் இளம் கால்பந்து ஸ்டிரைக்கருக்கு (கோல் அடிக்கும் முன்கள வீரருக்கு) முன்னால் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளே இருக்கின்றன: நேரே ஒரு பெரிய கிளப்பில் சேர்வது, அல்லது ஆஸ்திரியா போன்ற நடுத்தர லீக்கில் ஆடி மேலேறுவது.

ஆட்ட நேரம்: பெரிய கிளப்பில் அனுபவமிக்க ஸ்டிரைக்கர்களுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும்; 2011இல் 18 வயதில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டிலிருந்து இங்கிலாந்தின் செல்சிக்குப் போன லுக்காகு முதல் பருவத்தில் பிரீமியர் லீக்கில் ஒரு கோலும் அடிக்கவில்லை, அடுத்த பருவம் வெஸ்ட் பிராம்விச் கிளப்புக்குக் கடனாக (தற்காலிகமாக அங்கே ஆட) சென்ற பிறகே 17 லீக் கோல்கள் வந்தன. நடுத்தர லீக்கில் வாய்ப்பு விரைவில் கிடைக்கும், ஆனால் உடனே அல்ல: 2019 ஜனவரியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப்பில் சேர்ந்த நார்வே ஸ்டிரைக்கர் ஹாலண்டும் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் ஆடும் அணிக்கு வெளியில்தான் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் தம் முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தார். 2020 ஜனவரியில் ஜெர்மனியின் பெரிய கிளப்பான டார்ட்மண்டில் இருந்தார்.

சம்பளம்: பெரிய கிளப்பே முந்தும்.

பிழைக்கு இடம்: நடுத்தர அணியில் சற்று அதிகம், ஏனெனில் இளைஞரை வளர்த்து விற்பதே அத்தகைய பல கிளப்புகளின் வருமானம்.

கடன் ஒப்பந்தத்தில் எந்த அணிக்குப் போவது என்பதில் தம் சொல்லுக்கு மதிப்பிருக்கும் வீரருக்குப் பெரிய கிளப் பொருந்தும். வாரந்தோறும் ஆடியே மெருகேற வேண்டியவருக்கு, என் கணிப்பில் பெரும்பாலானோர் அப்படித்தான், நடுத்தர லீக்கே ஏற்றது.