16 வருஷ ஐ-ட்ரிபிள்-ஈ சந்தா: கட்டிய காசு தேறியதா?

ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE) என்பது மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய சங்கம். டிசம்பர் பிறந்தால் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி அங்கிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். சந்தா டாலரில். 2009-இல் கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் சேர்ந்தபோது ஒரு டாலர் 48 ரூபாய் சுமாருக்கு இருந்தது. இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் கட்டலாமா, விட்டுவிடலாமா என்று ஒரு நாளாவது யோசிக்கிறேன். நடுவில் இரண்டு வருஷம் விட்டும் இருக்கிறேன். அலுவலகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளும் இதையே கேட்பதால் என் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன்.

அமைப்பு பழையது. அமெரிக்க மின்பொறியாளர்கள் 1884-இல் தொடங்கிய சங்கமும், ரேடியோ பொறியாளர்கள் 1912-இல் தொடங்கிய சங்கமும் 1963-இல் ஒன்றாகி ஐ-ட்ரிபிள்-ஈ ஆயின. இன்று 4 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். நாம் வைஃபை என்று சொல்லும் 802.11 தரநிலை இவர்களுடையதுதான். தலைமையகத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. ஊர் அளவில் செக்‌ஷன் (வட்டாரக் கிளை), சேப்டர் (துறைவாரிக் கிளை), மாணவர் கிளை எல்லாம் நடப்பது சம்பளமில்லாத ஆட்களால். சேர்ந்து பல வருஷம் வரை இது எனக்கே தெரியாது.

சந்தா மட்டும் கட்டினால் என்ன கிடைக்கும்? மாதப் பத்திரிகை வரும், நன்றாகவே இருக்கும். மாநாட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. அவர்களுடைய எக்ஸ்ப்ளோர் இணைய நூலகத்தில் இருக்கும் ஆய்வுக்கட்டுரை எல்லாம் இலவசம் என்று நம்பித்தான் முதல் வேலையில் சேர்ந்ததும் கட்டினேன். அடிப்படைச் சந்தாவில் அது வராது, தனியாக வாங்க வேண்டும். விவரத்தைப் படிக்காமல் கட்டியது என் தப்பு. அந்தக் கடுப்பில்தான் அந்த இரண்டு வருஷம் விட்டது.

திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு போன். ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவர், கூட்டங்களில் முகம் பார்த்த பழக்கம் மட்டும்தான். "தம்பி, சனிக்கிழமை லெக்சர் இருக்கு. மைக்கும் புரொஜெக்டரும் பார்த்துக்க ஆளில்ல, வர்றியா?" என்றார். போனேன். பேச்சு முடிந்து நாற்காலி அடுக்கும்போது அவரும் பேச்சாளரும் சப்ஸ்டேஷன் எர்த்திங் பற்றி அரை மணி நேரம் விவாதித்தார்கள். மேடையில் பேசியதைவிட அது நன்றாக இருந்தது. நாற்காலி அடுக்க நின்றவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

அப்புறம் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். யாரும் விரும்பாத பதவி. அதில்தான் நான் அதிகம் கற்றேன். 80 பேர் பதிவு செய்தால் எத்தனை பேர் வருவார்கள், சமோசா எத்தனை சொல்வது, வவுச்சர் இல்லாமல் ஆட்டோவுக்குக் கொடுத்த 300 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது, கையெழுத்துப் போட வேண்டிய இருவரும் ஊரில் இல்லாத நாளில் ஹாலுக்கு முன்பணம் எப்படிக் கட்டுவது. கூட்டம் நடத்திய அறிக்கையும் ஆண்டுக் கணக்கும் நேரத்துக்குப் போகாவிட்டால் கிளைக்கு வர வேண்டிய பங்குத் தொகையில் கை வைத்துவிடுவார்கள், அதனால் பிப்ரவரி வந்தால் தூக்கம் போய்விடும். நான் அதட்டினால் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. சம்பளமில்லாத ஆளிடம் வேலை வாங்கப் பழகிய பிறகு, அலுவலகத்தில் டீம் கைக்கு வந்தபோது பெரிதாகத் திணறவில்லை.

இன்னொரு வரவு, நேரடியாகக் காசு கணக்கில் சொல்லக்கூடியது. ஒரு சைட்டில் புது டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுத்துச் சார்ஜ் செய்யும்போதெல்லாம் டிஃபரன்ஷியல் ரிலே (உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டங்களை ஒப்பிட்டு, கோளாறு என்று பட்டால் துண்டிக்கும் காப்புக் கருவி) டிரிப் ஆனது. மூன்று தடவை. இரவு 11 மணி, வாடிக்கையாளர் பக்கத்திலேயே நிற்கிறார். அந்தப் பெரியவருக்குத்தான் போன் போட்டேன். "செகண்ட் ஹார்மானிக் பிளாக்கிங் எவ்வளவு வெச்சிருக்கே? ரெக்கார்டை எடுத்து ஒவ்வொரு ஃபேஸா பாரு" என்றார். சார்ஜ் செய்த கணத்தில் பாயும் பெரிய மின்னோட்டம்தான் இன்ரஷ், அது கோளாறு இல்லை. அதில் இரண்டாம் ஹார்மானிக் (இரட்டை அதிர்வெண் பகுதி) செட்டிங் அளவைத் தாண்டினால்தான் ரிலே அதை அடையாளம் கண்டு டிரிப் ஆகாமல் விடும். எங்கள் செட்டிங் 20 சதவீதம். ரெக்கார்டில் பி ஃபேஸில் 16 தான் இருந்தது. புது ரகக் கோர் உள்ள டிரான்ஸ்பார்மர்களில் இன்ரஷ் மின்னோட்டத்தின் இரண்டாம் ஹார்மானிக் பங்கு குறைவாக இருக்கக்கூடும், பழைய பழக்கத்தில் 20 வைத்தால் ரிலே அதை ஃபால்ட் என்றே எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மர் டெஸ்ட் முடிவுகளையும் அவர் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் குறைக்கச் சொன்னார். 12-க்கு இறக்கினோம், டிரிப் ஆவது நின்றது. மைக் பிடிக்கப் போகாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அவரை எழுப்பும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்?

சீனியர் மெம்பர் என்ற மேல்நிலை உறுப்பினர் ஆவதற்கும் இந்தப் பழக்கம் உதவியது. 10 வருஷத் தொழில் அனுபவம் வேண்டும், பட்டப்படிப்பை அதில் 3 வருஷமாகக் கணக்கில் சேர்ப்பார்கள். கூடுதல் கட்டணம் கிடையாது. ஆனால் நம் வேலையை அறிந்த மூன்று பேர் பரிந்துரைக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

கொஞ்ச காலமாகத் தரநிலை எழுதும் குழு ஒன்றிலும் உட்கார்கிறேன். இதற்கு உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை, கூட்டத்துக்கு வந்து வேலை செய்தால் போதும். நம் நேரப்படி இரவு ஒன்பதரைக்கு இணையவழிக் கூட்டம். ஒரு வாக்கியத்தில் 'ஷல்' போடுவதா 'ஷுட்' போடுவதா என்று ஒரு மணி நேரம் போகும். முதல் தடவை சிரிப்பு வந்தது. 'ஷல்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் பரிந்துரை. அந்த ஒரு சொல்லால் ஒரு சப்ஸ்டேஷனின் செலவே மாறும் என்று பிறகு புரிந்தது. கடைசி வாக்கெடுப்பில் 75 சதவீதம் பேர் வாக்களித்திருக்க வேண்டும், அதில் 75 சதவீதம் ஆதரவும் வேண்டும். எதிர்த்தவரின் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுத வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பக்கத்தில் போக வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெயர் வேண்டாம், ஒரு சங்கத்தின் விழாவில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் 50 நிமிஷம். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளருக்கு மிஞ்சியது 20 நிமிஷம். பேனரின் அளவுக்குக்கூடக் கூட்டம் இல்லை. சர்டிபிகேட்டுக்காக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவும் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பதவியை விடாமல் பிடித்திருக்கும் பெரியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அப்புறம், சனிக்கிழமைகள் போய்விடும். வீட்டில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

சந்தா டாலரில் இருப்பது பாரம் என்றால் நம்முடைய இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் இருக்கிறது. 1920-இல் சென்னையில் பதிவானது, தலைமையகம் கொல்கத்தா. என் சித்தப்பா டிப்ளமா முடித்து வேலையில் இருந்தபடியே பொறியியல் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்பட்ட அவர்களுடைய ஏ.எம்.ஐ.இ. தேர்வை எழுதிப் பொறியாளர் ஆனவர். பகலில் லைன் வேலை, இரவில் அந்தத் தேர்வின் இரண்டாம் பகுதியான செக்‌ஷன் பி. 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அந்தப் பட்டச் சமநிலை தொடரவில்லை. அந்த வழி அடைபட்டதில் அவருக்கு இன்றும் வருத்தம்தான்.

பத்திரிகையும் அட்டையும் போதும் என்பவர்கள் அந்தப் பணத்தில் நல்ல புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். ரெஸ்யூமில் ஒரு வரிக்காக என்றாலும் வேண்டாம், எந்த நேர்முகத் தேர்விலும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை கொடுக்க முடியும் என்றால் சேருங்கள். சேர்ந்த முதல் மாதமே எதாவது சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொறுப்பு போதும். நான் மூன்றை எடுத்துக்கொண்டு மூன்றிலும் சொதப்பிய வருஷம் ஒன்று உண்டு.

இந்த டிசம்பரிலும் கட்டிவிட்டேன். பொருளாளர் பதவியை ஒரு இளம் பொறியாளரிடம் கொடுத்தாகிவிட்டது. நேற்று போன் செய்தாள்: "அண்ணா, 110 பேர் பதிவு பண்ணியிருக்காங்க, சமோசா எத்தனை சொல்லட்டும்?" அறுபது என்றேன்.