பனி வண்டி ஓட்ட ஆஸ்திரியாவில் வேலையா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சங்ககிரியில் லோபெட் டிரெய்லர் ஓட்டுகிறேன். பதினான்கு வருசமாக ஹிட்டாச்சி, பொக்லைன் என்று செயின் வண்டிகளை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. குவாரியில் ஆபரேட்டர் வராத நாளில் நானே ஏறி உட்கார்ந்து ஓட்டவும் செய்வேன். இவ்வளவு தெரிந்தவன் 1,80,000 ரூபாயை எப்படி விட்டேன் என்று வீட்டில் இன்னமும் கேட்கிறார்கள்.

போன வருசம் ஆடி மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. ஐரோப்பாவில் பனி வண்டி (பனிச்சறுக்கு மலையில் பனியைத் தள்ளி மட்டம் செய்யும் செயின் வண்டி) ஆபரேட்டர் வேலை, செயின் வண்டி அனுபவம் போதும், மாதம் 2,400 யூரோ, தங்க இடம் இலவசம். கூடவே ஒரு வீடியோ. சிவப்பு வண்டி ஒன்று ராத்திரியில் மலைச்சரிவில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறுகிறது. அது போன தடத்தில் பனி, கோரைப்பாய் விரித்த மாதிரி வரிவரியாகப் படிந்து கிடக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த வரிகளைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

ஆபீஸ் கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டில், மாடியில். போனதும் இளநீர் கொடுத்தார்கள். "நீங்கெல்லாம் ஹிட்டாச்சி ஓட்டறவங்க, இது உங்களுக்குப் பச்சத்தண்ணி குடிக்கற மாதிரிங்ணா" என்றார் அந்த ஆள். பதிவுக்கு 40,000, பயிற்சிக்கு 60,000, விசாவுக்கு 80,000. மூன்றுமே ஜிபேயில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் நம்பருக்கு. ரசீது என்று ஒரு துண்டுச்சீட்டு, அதில் கம்பெனி பெயர்கூட இல்லை. எனக்கு உறுத்தவே இல்லையா என்றால், உறுத்தியது. கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று கேட்கவில்லை.

பயிற்சி பல்லடம் பக்கம் ஒரு காலி இடத்தில், பன்னிரண்டு நாள். ஓட்டை ஹிட்டாச்சி ஒன்று நின்றது. அதன் பாட்டம் ரோலரில் ஆயில் ஒழுகி, செயின் தொட்டில் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார்கள். பதினோரு பேரில் பாதிப்பேர் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிப் பசங்க. சொல்லிக்கொடுக்க வந்தவனுக்கே அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் லேப்டாப்பில் ஸ்டியரிங் மாட்டி "சிமுலேட்டர்" என்றார்கள். அதை போனில் படம் பிடித்து வந்து, பெருந்துறையில் என்ஜினியரிங் படிக்கும் அக்கா பையனிடம் காட்டினேன். ஒரு நிமிசம் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இது கேமு. எங்க ஹாஸ்டல்ல பசங்க வெளையாடறாங்க."

அன்றைக்கே வேலைக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது. மே 15 வேலையில் சேர வேண்டும். காலை 8 முதல் மாலை 5 வரை வேலை. தினமும் ஷெட்டிலிருந்து 18 கிலோமீட்டர் மெயின் ரோட்டில் வண்டியை ஓட்டிப் பனிமலைக்குப் போக வேண்டும்.

கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது என் தொழில். ஹிட்டாச்சி 200 வண்டி சுமார் 2.8 மீட்டர் அகலம். நம் ஊர் விதிப்படி ரோட்டில் ஓடும் வண்டி 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால், அதை ஏற்றிப் போகும் நாளெல்லாம் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, எந்த செக்போஸ்டில் மறிப்பார்களோ என்று போவேன். பனி வண்டி செயினோடு சேர்த்து நாலு மீட்டருக்கு மேல். ஐரோப்பாவில் ரோட்டில் ஓடும் வண்டிக்கு விட்டிருக்கும் அகலமே 2.55 மீட்டர்தான். அங்கேயும் இதைத் தூரமாகக் கொண்டுபோக வேண்டுமென்றால் லோபெட்டில்தான் ஏற்றுவார்கள், அகலம் குறைய செயினைக் கழற்றி வைப்பதும் உண்டு. அந்தச் செயின் நம்முடையது மாதிரி முழு இரும்பு இல்லை. ரப்பர் பெல்ட்டில் அலுமினியமோ இரும்போ குறுக்குச் சட்டமாக முடுக்கியது. தார் ரோட்டில் 18 கிலோமீட்டர் ஓட்டினால் ரோடும் போகும், செயினும் போகும். அத்தனை அகலம் எதற்கென்றால், எட்டு டன் பத்து டன் எடையை விரித்துப் பனியில் புதையாமல் மிதக்கத்தான். இதெல்லாம் நான் பணம் கட்டிய பிறகு தேடிப் படித்தது.

மற்ற இரண்டு வரியும் அதே கதைதான். அங்கே பனிச்சறுக்கு சீசன் பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கோடையில் ஓடுவது உயரத்தில் பனியாறு உள்ள ஓரிரு இடங்களில்தான். வேலையும் ராத்திரி வேலை. சறுக்குகிறவர்கள் இறங்கின பிறகு வண்டி ஏறும், முன்பிளேடால் பனியைத் தள்ளி, பின்னால் சுழலும் உருளையால் அரைத்து மட்டம் செய்யும். அது விடியும் வரை இறுகினால்தான் தடம் நிற்கும். செங்குத்துச் சரிவில் வண்டியை வின்ச் ரோப்பில் (மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கயிறு) கட்டி இழுத்தபடி வேலை செய்வார்கள், ரோப்பே ஒரு கிலோமீட்டர் வாக்கில் நீளும். பகலில் ஆள் சறுக்கும் இடத்தில் அதை விறைப்பாகக் கட்டினால் கழுத்து போய்விடும்.

மறுநாள் போய்க் கேட்டேன். "அது மாடல் லெட்டருங்ணா, ஒரிஜினல் வரும்" என்றார். "செயினைக் கழட்டி ஏத்தறதா, செயினோட ஏத்தறதா?" என்றேன். அந்த ஆள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். பத்து நாளில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, பதிவெண்ணைக் கேட்டுத் தேடிப்பாருங்கள். ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ரசீதோடு. என்னிடம் பதிவுக்கு மட்டுமே அதைவிட அதிகம் வாங்கினார்கள். ஆஸ்திரியா மாதிரி நாட்டில் வேலை அனுமதிக்கு அங்கிருக்கும் முதலாளியும் இறங்கி வேலை பார்த்தாக வேண்டும்; ஆகவே முதலாளி யார், எந்த ஊர் மலை என்று கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் அன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். நான் மூன்று வாரம் கழித்து அடித்தேன். கடைசியாகக் கட்டிய 80,000இல் 22,000 மட்டும் அந்தக் கணக்கில் மிச்சமிருந்து முடக்கி வைத்திருக்கிறார்கள். இன்னும் கைக்கு வரவில்லை.

எங்கள் பேட்சில் ஏழு பேர்தான் புகார் கொடுத்திருக்கிறோம். மீதி நாலு பேர் வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை. அந்தத் துண்டுச்சீட்டை வைத்திருந்தால், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஸ்டேசனில் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் கொடுத்ததற்கான ரசீது) வாங்கிக்கொள்ளுங்கள் தம்பிகளா. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள்.