கார்மின் 296-ம் வீட்டு எக்ஸ்-பிளேனும்: நடுவில் ஒரு கம்பி

இது யாருக்கு வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிமுலேட்டரில் பறக்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடம் நகர்ந்துகொண்டிருந்தால் போதும் என்பவர் கார்மின் 296 என்ற இந்தப் பழைய கையடக்க விமான ஜிபிஎஸ்ஸைத் தேடி அலைய வேண்டாம். டேப்லெட்டில் ஃபோர்ஃபிளைட் மாதிரி விமானிகளுக்கான ஒரு வரைபடச் செயலியைப் போட்டால், விமானம் இருக்கும் இடத்தை எக்ஸ்-பிளேன் என்ற விமானச் சிமுலேட்டர் மென்பொருள் வீட்டு வைஃபை வழியாகவே அதற்கு அனுப்பிவிடும். கம்பி கிடையாது, சாலிடர் புகை கிடையாது, திரையும் பெரிசு.

நான் கார்மின் ஜிபிஎஸ்மேப் 296 வாங்கிய காரணம் வேறு. அக்கா மகன் தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுக்கிறான். சொந்தமாக ஒரு கையடக்க ஜிபிஎஸ் கூடவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டான். "மாமா, மேல போயி எந்தப் பட்டன் எங்கன்னு தேடிக்கிட்டு இருக்க முடியாது. கீழயே விரல் பழகிடணும்" என்றான். நான் தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். கருவியையும் கணினியையும் கம்பியால் பேச வைக்கும் பழைய சீரியல் போர்ட் என்றாலே எனக்கு ஒரு தனிப் பாசம். சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

296 சந்தைக்கு வந்தது 2004 வாக்கில். விற்பனையை நிறுத்தியும் பல வருடம் ஆகிவிட்டது, இப்போது பழையதுதான் கிடைக்கும். நான் கொடுத்தது 600 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) சற்றுக் கீழே. இருபது வருடப் பொருளுக்கு அது அதிகம் என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு.

ஜிபிஎஸ் வானத்தைப் பார்த்துத்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். கோலாலம்பூர் செந்தூலில் என் அடுக்குமாடியில், சிமெண்ட் கூரைக்குக் கீழே, அதற்குச் செயற்கைக்கோள் எங்கே தெரியப் போகிறது? தெரிந்தாலும் செந்தூலைத்தான் காட்டுமே தவிர ஈப்போவைக் காட்டாது. இதற்கு ஒரு வழியைக் கார்மினே கருவிக்குள் வைத்திருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் 'ஏவியேஷன் இன்' என்று ஒரு தேர்வு இருக்கும். விமானத்தின் பேனலில் பொருத்திய பெரிய ஜிபிஎஸ் அனுப்பும் தகவலைக் கையடக்கக் கருவி வாங்கிக்கொள்வதற்காகவே அது இருக்கிறது. கூடவே கருவியைச் சிமுலேட்டர் நிலையில் போட்டால் அதன் சொந்த ரிசீவர் அணைந்துவிடும். அப்புறம் கம்பி வழியாக வருவதையே அது நம்பும். பேனல் ஜிபிஎஸ் மாதிரி பேசுகிற வேலையை எக்ஸ்-பிளேன் பார்த்துக்கொள்கிறது.

என் பழைய டெஸ்க்டாப்பில் இருப்பது எக்ஸ்-பிளேன் 10. ஜாய்ஸ்டிக், உபகரணங்கள் அமைக்கிற பகுதியில் கார்மின் வரிசையின் பெயரோடு ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்து சரியான காம் எண்ணை, அதாவது சீரியல் போர்ட்டின் எண்ணை, கொடுத்தால் மென்பொருள் பக்கம் வேலை முடிந்தது. தகவல் போகும் வேகம் நொடிக்கு 9600 பிட். படகு ஜிபிஎஸ் பழக்கத்தில் தகவல் மொழி என்எம்இஏ, வேகம் 4800 என்று வைத்துவிட்டு 'ஒன்றும் வரவில்லையே' என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே மொழி வேறு, வேகமும் வேறு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்காரர்களுக்குப் பீட்டர் டவ்சன் எழுதிய எஃப்எஸ்யூஐபிசி என்ற துணை மென்பொருளில், இடத்தை வெளியே அனுப்பும் ஜிபிஎஸ்அவுட் வசதி இருக்கிறது, அந்த வழியில் போகலாம்.

கம்பிக் கதைதான் கொஞ்சம் நீளம். இன்றைய கணினியில் சீரியல் போர்ட் இல்லை, யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். முதலில் கைக்கு வந்த மலிவு அடாப்டரில் போலிச் சிப்பு. விண்டோஸ் அதைப் பார்த்ததுமே மஞ்சள் முக்கோணத்தைப் போட்டு 'கோட் 10' என்று உட்கார்ந்துகொண்டது. பழைய டிரைவரைத் தோண்டி எடுத்துப் போட்டால் ஓடும் என்பார்கள். அடுத்த அப்டேட்டில் மறுபடி படுத்துவிடும், வேண்டாம் அந்த வேலை. லோயாட் பிளாசாவில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பு உள்ளதா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினேன். விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. செருகியதும் வேலை செய்தது, அதன் பிறகு அதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஓர் அடாப்டருக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

பழைய கருவியோடு எனக்குக் கிடைத்தது முனை வெட்டிய பவர்-டேட்டா கம்பி. அதனால் புடுவில் ஜாலான் பாசார் போக வேண்டியதாயிற்று. கோலாலம்பூரில் எலக்ட்ரானிக் சாமான் என்றால் எனக்கு அந்தத் தெருதான். டிபி-9 என்ற ஒன்பது ஊசிச் சீரியல் பெண் இணைப்பி, அதற்கு ஒரு மூடி, சூடு பட்டால் சுருங்கும் ஹீட்-ஷ்ரிங்க் குழாய் ஒரு முழம் எல்லாம் பத்து வெள்ளிக்குள் முடிந்தது. கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, நான் ஊசி எண்ணைச் சொல்வதற்குள் "அனுப்புறது மூணு, எர்த் அஞ்சு" என்று விரலைக் காட்டிவிட்டார். அதேதான். கணினியின் 3-ஆம் ஊசி கார்மினின் தகவல் உள்வரும் கம்பிக்குப் போக வேண்டும், 5-ஆம் ஊசி எர்த்துக்கு. கருவியிலிருந்து எதையும் திருப்பிப் படிக்கப் போவதில்லை என்றால் இந்த இரண்டே போதும். சாலிடரில் கை நடுங்குபவர்கள் கார்மினின் முழுக் கேபிளோடு விற்பவராகப் பார்த்து வாங்குவது நல்லது.

இனி பறப்பது. மருமகனுக்குச் சுபாங்கிலிருந்து ஈப்போ வரை ஒரு செஸ்னா 172 சிறு விமானம். நேர்கோட்டில் 90 கடல் மைல். சுபாங்கின் 33-ஆம் ஓடுபாதையில் எழும்பி வடக்கே திரும்பினால் வலப்பக்கம் தித்திவங்சா மலை கூடவே வரும். கார்மின் திரையில் விமானப் படம் அந்தக் கோட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். பேனல் பக்கத்துக்கு மாற்றினால் ஊசி வைத்த திசைகாட்டி வரும். இதெல்லாம் பார்க்க அழகு. நான் பார்க்க விரும்பியது அவன் விரலை. சிலிம் ரிவர் பக்கம் போகும்போது முன்னால் இடிமேகத்தைப் போட்டுவிட்டு, "எங்கடா இறங்குவே?" என்று கேட்டேன். கிட்டத்தில் உள்ள விமான நிலையங்களைக் காட்டும் பட்டனை அமுக்கினான். அந்த இடத்தில் சுபாங், ஈப்போ, சித்தியவான் மூன்றுமே 40-லிருந்து 50 கடல் மைலுக்குள், ஏறத்தாழ ஒரே தொலைவு. பட்டியல் மட்டும் முடிவு சொல்லாது, மேகம் எந்தப் பக்கம் என்று பார்த்து அவன்தான் எடுக்க வேண்டும். சித்தியவானை எடுத்து, அதன் குறியீட்டை ஒவ்வோர் எழுத்தாக உருட்டப் போனான். "பட்டியல்லயே நின்னு, நேரா அங்க வழி போடுற டைரக்ட் பட்டனை அமுக்குடா" என்பதற்குள் உயரம் 200 அடி சரிந்துவிட்டது. டேப்லெட்டில் இந்தப் பாடம் கிடைக்காது. அங்கே விரலால் தொட்டால் முடிந்தது, இந்தக் கருவியின் பட்டன்கள் வேறு.

குறைகளும் உண்டு. ஏவியேஷன் வடிவத்தில் இடத்தைச் சொல்வது பாகையின் நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு வரைதான். வடக்கு-தெற்காக அது 18.5 மீட்டர். வானத்தில் இது தெரியாது. தரையில் டாக்ஸிவேயில் ஊர்ந்து போகும்போது படம் குதித்துக் குதித்துப் புல்லில் ஏறும். இரண்டாவது, என் இணைப்பு ஒருவழிதான். கார்மினில் போட்ட பாதையைச் சிமுலேட்டரின் ஆட்டோபைலட் தொடரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது, தரவுத்தளத்தின் வயது. என் கருவியில் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமான கேஎல்ஐஏ-வுக்கு இரண்டே ஓடுபாதை, 2014-இல் வந்த மூன்றாவது அதற்குத் தெரியாது. விரல் பழகுவதற்கு இதனால் ஒன்றும் கெட்டுப் போகாது. நிஜப் பயணத்துக்கு இதை நம்பக் கூடாது என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவனிடம் சொன்ன இன்னொன்று: கருவி வீட்டைவிட்டு வெளியே போகுமுன் சிமுலேட்டர் நிலையை அணைத்து, இன்டர்ஃபேஸையும் பழையபடி மாற்றிவிட வேண்டும். ரிசீவர் அணைந்த ஜிபிஎஸ்ஸோடு மேலே போனால் திரையில் வரைபடம் இருக்கும், விமானம் அங்கே இருக்காது. இதற்காகவே கருவிப் பையில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறான்.

வாங்கப் போகிறவர்கள் விற்பவர் முன்னாலேயே கருவியைப் போட்டுச் சுபாங்கின் குறியீடு டபிள்யூஎம்எஸ்ஏ-வைத் தேடச் சொல்லுங்கள். இந்த வரிசைக்குத் தரவுத்தளம் அமெரிக்கா, அட்லாண்டிக், பசிபிக் என்று வட்டாரம் வட்டாரமாக வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால் சுபாங்கே இருக்காது, விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி மூடியைக் கழற்றி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் வைத்து ஓட்ட 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் போதும், பேட்டரி செத்திருந்தாலும் பேரம் பேசி வாங்கலாம். கம்பி இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள்: அந்த வட்ட முனையை நான் ஜாலான் பாசாரில் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.