காற்றாலை இடத்துக்கு யூனிட் கணக்கு: ஈரா-5 தரவுடன் சில ஆண்டுகள்

காற்றாலை போட நினைப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும்?" கிண்டியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அதற்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு. கேட்பவர்களில் பாதிப்பேர் கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்காரர்கள். நிலமோ ஆரல்வாய்மொழி, கயத்தாறு, தேனி, உடுமலைப்பேட்டை என்று எங்கோ இருக்கும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அந்த நிலத்தில் அடுத்த இருபது ஆண்டு வீசப்போகும் காற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு நான் நம்பியிருப்பது எம்சிபி (அளந்து, ஒப்பிட்டு, கணிப்பது) என்று எங்கள் வட்டாரத்தில் சொல்லப்படும் முறை. நிலத்தில் மாஸ்ட், அதாவது காற்றளக்கும் கோபுரம், நட்டு ஓராண்டாவது காற்றை அளக்க வேண்டும். அதே ஓராண்டுக்கு ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா-5 மறுபகுப்பாய்வுத் தரவை (பழைய வானிலையைப் பதிவுகளோடு கணினி மாதிரியும் சேர்த்து மீண்டும் கணக்கிட்டது) எடுத்து இரண்டுக்கும் உள்ள உறவைப் புள்ளியியல் வழியில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்த உறவைக் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால், மாஸ்ட் நின்ற ஆண்டு நல்ல காற்று ஆண்டா, மட்டமான ஆண்டா என்பது தெரிந்துவிடும். பல ஆண்டுகளாக இதையே செய்து வருகிறேன். இதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஈரா-5 இலவசம். 1940 முதல் மணிக்கு மணி, இடைவெளியே இல்லாமல் கிடைக்கிறது. 100 மீட்டர் உயரக் காற்று தனியாகவே இருப்பதால் உயரக் கணக்கில் பாதி வேலை மிச்சம். முன்பெல்லாம் அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவைத்தான் தேடிப் போவார்கள். அது பத்து மீட்டர் உயரக் காற்று. நுங்கம்பாக்கம் போல ஊர் நடுவில் இருக்கும் நிலையம் என்றால் சுற்றிலும் கட்டடம் எழும்ப எழும்பக் காற்றுக்கு மறைப்பு கூடும். பத்தாண்டுப் பதிவைப் பார்த்தால் நாட்டில் காற்றே குறைந்துவிட்டதுபோல் இருக்கும். ஈரா-5-இல் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அது பூமியைக் கட்டங்களாகப் பிரித்தே காற்றைச் சொல்கிறது; கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 31 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை அந்தக் கட்டத்துக்குள் மழுங்கிப் போய்விடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன், ஜூலை மாதங்களில் நிற்க முடியாத அளவுக்குக் காற்று இருக்கும். அந்த இடைவெளி மாதிரியின் கண்ணில் சரியாகப் படுவதே இல்லை. கணவாய் வாயில் ஈரா-5 சொல்லும் வேகம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அந்தத் தரவை நேரடியாக எடுத்து யூனிட் கணக்குப் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதைக் காலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேகத்தின் அளவை மாஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

சென்னைக்குப் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலம் வைத்திருக்கும் யாராவது, "கடல் காற்று இவ்வளவு வருகிறதே, இங்கேயே ஒன்று போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். அங்கே ஒரு கட்டத்தில் பாதி நிலம், பாதி வங்காள விரிகுடா. அடுத்த கட்டம் முழுக்கக் கடல். எந்தக் கட்டத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்; கடல் பரப்பில் தடை குறைவு, வேகம் கூடுதல். கடல் கட்டத்தை வைத்து அறிக்கை எழுதினால் நிலக்காரருக்கு மகிழ்ச்சிதான். மாலையில் உடம்புக்கு இதமாக இருக்கும் காற்று வேறு, விசிறியை ஆண்டு முழுவதும் சுற்ற வைக்கும் காற்று வேறு என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

இனி முக்கியமான விஷயம். அறிக்கைகளில் ஒட்டுறவுக் கெழு என்று ஒரு எண் இருக்கும். மாஸ்ட்டும் ஈரா-5-உம் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான அளவு. மாதச் சராசரிகளை ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் இது ஒன்றுக்கு மிக அருகில் வந்து நிற்கும். வாடிக்கையாளருக்கு ஏக திருப்தி. எனக்கு அப்போதுதான் சந்தேகமே ஆரம்பிக்கும். ஏனென்றால் நம் ஊரில் காற்று என்பது பருவம். மே மாதம் ஏறும், ஆடியில் அம்மியைப் பறக்கவிடும், அக்டோபரில் படுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் மாஸ்ட்டிலும் உண்டு, ஈரா-5-இலும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் கெழு தானாகவே உயரும். நாட்காட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஒத்துப்போகும்!

நமக்குத் தெரிய வேண்டியது வேறு. வழக்கமான ஜூலையைவிட இந்த ஜூலை மட்டமாக இருந்தால், ஈரா-5-உம் அதை மட்டம் என்றே சொல்கிறதா? இதைப் பார்க்க ஒவ்வொரு மாதத்தின் வழக்கமான அளவைக் கழித்துவிட்டு, மிஞ்சும் விலகல்களை ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் சில இடங்களில் கெழு நன்றாகவே நிற்கும். சில இடங்களில் சரிந்து விழும். மாஸ்ட் ஓராண்டுதான் நின்றது என்றால் மாதக் கணக்கில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. ஒரே ஒரு ஜூலைதானே இருக்கிறது, எதிலிருந்து எதைக் கழிப்பது? தினசரி விலகல்களை வைத்து ஓரளவு பார்க்கலாம். இரண்டாண்டு இருந்தால் முதல் ஆண்டில் உறவைக் கண்டுபிடித்து, இரண்டாம் ஆண்டை அதைக்கொண்டு கணித்து, அளந்ததோடு வைத்துப் பார்ப்பேன். அறிக்கையில் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அடுத்தது நேர்கோட்டுப் பொருத்தம்: ஈரா-5 வேகத்திலிருந்து மாஸ்ட் வேகத்தை ஒரு நேர்கோட்டால் கணிப்பது. எல்லா மென்பொருளிலும் முதலில் கிடைப்பது அதுதான். அது சராசரியைச் சரியாகக் கொடுக்கும். ஆனால் உச்சத்தையும் தாழ்வையும் நடுப்பக்கம் இழுத்துவிடும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால் இங்கே பணம் போய்விடும். பாதி நேரம் நொடிக்கு 12 மீட்டர், பாதி நேரம் 4 மீட்டர் வீசும் இடத்துக்குச் சராசரி 8 மீட்டர். 8-இன் மும்மடி 512. ஆனால் 12, 4 இரண்டின் மும்மடிகளின் சராசரி 896. சராசரி ஒன்றுதான், காற்றில் இருக்கும் ஆற்றலோ முக்கால் பங்கு கூடுதல். எனவே பரவலையும் காப்பாற்றும் மாறுபாட்டு விகித முறைக்கு மாறிவிட்டேன். எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் காற்று வீசுகிறது என்பதைக் காட்டப் பயன்படும் வெய்புல் வளைவும் கணவாய்ப் பகுதிகளில் தடுமாறும்: பருவக்காற்று மாதங்களுக்கு ஒரு மேடு, மற்ற மாதங்களுக்கு இன்னொரு மேடு, ஒற்றை வளைவை இரண்டின் மேலும் போர்த்தினால் எதற்கும் பொருந்தாது. பருவத்தைப் பிரித்துத் தனித்தனியே பொருத்துவதே மேல்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. ஈரா-5-இன் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுகிறது. நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். அந்த அரை மணி நேரம்தான் வில்லங்கம். மாஸ்ட்டின் பத்து நிமிடப் பதிவுகளை ஐந்தரை மணி முதல் ஆறரை மணி வரை என்று கூட்டிச் சராசரி எடுத்தால், அதன் நடு ஆறு மணி; அது ஈரா-5-இன் எந்த மணியோடும் நேராக உட்காராது. அங்கே பூஜ்யம் மணி என்றால் இங்கே 5.30; அதன் இருபுறமும் உள்ள பதிவுகளைத்தான், அதாவது ஐந்து முதல் ஆறு வரை, எடுக்க வேண்டும். மாதச் சராசரியில் இது தெரியாது. மணிக்கணக்கு ஒப்பீட்டில் கெழுவைக் குறைத்துவிடும்.

மாஸ்ட்டின் பதிவையும் அப்படியே நம்பக்கூடாது. ஒரே உயரத்தில், எதிரெதிர்க் கைகளில் இரண்டு அனிமோமீட்டர்கள் (கிண்ணங்கள் சுழன்று காற்று வேகத்தை அளக்கும் கருவிகள்) இருக்கும். இரண்டின் விகிதத்தைக் காற்றுத் திசைக்கு எதிராக வரைந்தால் கோடு 1 என்ற அளவை ஒட்டியே போகும். ஒரு குறிப்பிட்ட திசை வந்ததும் பொத்தென்று குழி விழும். கோபுரத்தின் நிழலில் ஒரு கிண்ணம் மாட்டிக்கொண்ட திசை அது. எதிர்ப்பக்கத் திசையில் மற்ற அனிமோமீட்டருக்கு அதே கதி. அங்கே கோடு மேடாக எழும்பும். அந்தத் திசைகளில் நிழல்பட்ட அனிமோமீட்டரின் பதிவை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்கிறேன். குழியும் மேடும் இல்லாத இடத்தில் விகிதம் மாதா மாதம் மெல்ல நகர்ந்தால், தாங்கு உருளை தேய்கிறது என்று சந்தேகிக்கலாம்.

உயரக் கணக்கு, காற்றின் அடர்த்தி எல்லாம் வழக்கமான வேலை. 15 டிகிரியில் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று உற்பத்தியாளர் தரும் அட்டவணையை நம் வெயிலில் அப்படியே போட்டால் போதாது. 30 டிகிரியில் சுமார் 1.16தான், ஐந்து விழுக்காடு அங்கேயே போகிறது.

வாடிக்கையாளரிடம் சண்டை வருவது பி50, பி90 இரண்டிலும்தான். பி50 என்பது உற்பத்தி அதைத் தாண்டப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள எண்; பி90 என்பது தாண்டப் பத்துக்கு ஒன்பது வாய்ப்புள்ள எண். மொத்த நிச்சயமின்மை பத்து விழுக்காடு என்றால் பி90 அதில் சுமார் 87 விழுக்காடு. கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் பி90-ஐத்தான் பார்க்கும். ஆலை முதலாளி ஒருவர், "தம்பி, இவ்வளவு கணக்குப் போட்டும் ஒரு எண்ணைச் சொல்ல உங்களால் முடியவில்லையா?" என்று கேட்டார். "ஒரே எண்ணைச் சொல்லும் ஆளிடம் போகாதீர்கள் ஐயா" என்றேன். அவர் இன்னும் என்னிடம்தான் வருகிறார்.

இயந்திரக் கற்றல் முறைகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மணிக்கணக்குப் பொருத்தம் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் நீண்ட காலச் சராசரியில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஓராண்டுத் தரவில் இல்லாத செய்தியை எந்த முறையாலும் உருவாக்க முடியாது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் மாஸ்ட் பதிவுகள் உங்கள் இடத்துக்கு அருகில் கிடைத்தால் அதற்குச் செலவிடுங்கள். நாடு முழுவதும் காற்றளக்கும் வேலையை வானிலை அறிஞர் அன்னா மணி எண்பதுகளில் பெரிய அளவில் தொடங்கி வைத்தார். 20, 25 மீட்டர் மாஸ்ட்கள் அவை. இன்றைய விசிறியின் மையம் 120 மீட்டரைத் தாண்டிவிட்டதால் பழைய பதிவை அந்த உயரத்துக்கு ஏற்றும்போது கவனம் தேவை.

புதிதாக மாஸ்ட் நடுவதென்றால் ஏப்ரலுக்குள் நட்டுவிடுங்கள். ஜூலையில் நட்டால் இந்த ஆண்டின் பின்பாதியும் அடுத்த ஆண்டின் முன்பாதியும்தான் கிடைக்கும். இரண்டு அரைப் பருவங்களை ஒட்டவைத்து ஒரு பருவமாகக் காட்டும் அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.